தயாளன் மாமாவின் வெள்ளைச் சீட்டு

என் அக்கா வீட்டுக்காரர் தீனதயாளனை ஊஞ்சக்காட்டில் இரண்டு தரப்பும் திட்டியிருக்கிறது. தேர்தலில் நின்றதற்காகத் தோட்டத்துக்காரர்கள் திட்டினார்கள். தோற்றதற்காகக் காலனிக்காரர்கள் திட்டினார்கள். இரண்டுக்கும் சேர்த்துத் திட்டியவள் நான் ஒருத்திதான். எனக்கு அந்த உரிமை உண்டு. அக்கா போய்ச் சேர்ந்த பிறகு அந்த மனிதருக்கு வாரம் ஒரு நாளாவது ஒழுங்காகச் சோறு போடுகிறவள் நான்தானே.

திருச்செங்கோட்டில் ஒரு இன்ஜினியரிங் காலேஜுக்கு எதிரே மெஸ் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்கள் பாதிப்பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். அன்றைக்கு மாமா ஜேடர்பாளையம் ரோட்டிலிருந்து பஸ் ஏறி வருவார். சுவர் ஓரத்து மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார். எத்தனை சொன்னாலும் கேட்காமல் தட்டைத் தானே கழுவி வைப்பார். "வாரேன் அம்மிணி" என்பார். பேச்சு என்று பார்த்தால் அவ்வளவுதான். அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் அப்பாவையே பேச விடாமல் பேசிய மனுசன் இவர் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்போதெல்லாம் அவர் பேச்செல்லாம் ரிக் வண்டிக் கதை. போர் போடுகிற வண்டியோடு ஆந்திரா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று பாதி ஆயுளை ஓட்டியவர். கூடவே லாரி ஓட்டியவர் மாரி. அதே ஊஞ்சக்காட்டில் காலனிக்காரர், மாமா வயசுதான். வடக்கே போய்விட்டால் இருவரும் ஒரே சட்டியில் பொங்கி, ஒரே தார்ப்பாயில் படுப்பார்கள். அங்கே இருப்பவர்களுக்கு இவர்கள் எல்லாரும் மதராசி வண்டிக்காரர்கள், அவ்வளவுதான். மாரி அவரை "தயாளண்ணா" என்று கூப்பிடுவார். திரும்பி வரும்போது சங்ககிரி மலை கண்ணில் பட்டதும் அந்த அண்ணா போய், "ஏனுங்க சாமி" வந்துவிடும். மாமாவும் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் வருவார். இத்தனை பெரிய தேசத்தில் சேர்ந்து உட்கார இடம் இருக்கிறது, சொந்த ஊரில் இல்லை. இதை அவர்தான் என்னிடம் சொன்னார், அக்கா உயிரோடு இருந்தபோது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சத்தீஸ்கரில் ஒரு முறை பஞ்சாயத்துத் தேர்தல் நாள். கூலிக்கு வந்தவர்கள் யாரும் வேலைக்கு வரவில்லை, வண்டி நின்றுவிட்டது. வரிசையில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்த கூட்டத்தை இருவரும் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்.

"ஏன்டா மாரி, நம்மூர்ல வார்டு மெம்பருக்கு நீ எப்பப்பா ஓட்டுப் போட்ட?" என்று மாமா கேட்டாராம்.

"அப்பிடியொரு ஓட்டு இருக்குதுங்களாண்ணா?" என்றாராம் மாரி.

கிண்டலுக்குக் கேட்டது அல்ல. அவருக்கு நிஜமாகவே தெரியாது. தெரிய வாய்ப்பும் இல்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஊஞ்சக்காட்டு வார்டில் தோட்டத்து வீடுகளும் உண்டு, காலனியும் உண்டு. இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு ஓட்டு. ஆனால் வார்டு மெம்பரை மாரியம்மன் கோவில் வாசலில் எங்கள் கவுண்டர் வீட்டு ஆட்கள் கூடித்தான் முடிவு செய்வார்கள். இந்தத் தடவை இந்தக் குலத்துக் கூட்டம், அடுத்த தடவை அந்தக் குலத்துக் கூட்டம் என்று முறை வைத்திருந்தார்கள். ஒரே ஒரு ஆள் மனுத் தாக்கல் செய்வார். போட்டியில்லை என்று அறிவித்துவிடுவார்கள். தேர்தல் அன்றைக்குத் தலைவருக்கும் ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் கலர் கலராகச் சீட்டுக் கொடுப்பார்கள். வார்டுக்கு உண்டான வெள்ளைச் சீட்டு மட்டும் அந்த ஊரில் யார் கைக்கும் வந்ததில்லை. கோவில் வாசலுக்குக் காலனியிலிருந்து யாரையும் கூப்பிடுவதும் இல்லை. குடிதண்ணீர்க் குழாய் எந்தத் தெருவில் முதலில் திறக்கும் என்பதெல்லாம் அந்த வாசலிலேயே முடிந்துவிடும்.

கோவில் வாசலில் இன்னொரு வழக்கம் உண்டு. யார் பெயரைச் சொல்கிறார்களோ அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். மற்றவர்கள் கை தூக்கி முடித்ததும் கூப்பிடுவார்கள். "எனக்கு எதுக்குங்க இதெல்லாம்" என்று அவர் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு ஒத்துக்கொள்வார். அதுதான் மரியாதை. எந்தக் காலத்திலோ ஒரு பெரியவர் வெளியே போகாமல் உட்கார்ந்திருந்து தனக்குத் தானே கை தூக்கிவிட்டாராம். அவர் போய்ச் சேர்ந்து, மகனும் போய்ச் சேர்ந்தாயிற்று. பேரன் கட்டிய மாடி வீட்டுக்கு இன்றைக்கும் "கைதூக்கி ஊடு" என்றுதான் பெயர். அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட அதைச் சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் ஆட்களுக்கு மானம் என்பது இப்படிப்பட்ட இடங்களில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கருமம்.

அக்கா இறந்தாள். மகள் சண்முகப்பிரியா பெங்களூரில் வேலை, ஓட்டையும் அங்கேயே மாற்றிக்கொண்டாள். மாமா ரிக் வண்டியை விட்டுவிட்டு வந்து மரவள்ளிக் குச்சிக்கிழங்கு போட்டுக்கொண்டு தனியாக இருந்தார். இரண்டாயிரத்துப் பத்தொன்பது டிசம்பரில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. முறைப்படி சிவபிரகாஷ் பெயரைச் சொன்னார்கள். கோழிப்பண்ணை வைத்திருக்கிறவன், மாமாவுக்குப் பங்காளி மகன், "பெரியப்பா பெரியப்பா" என்று காலைச் சுற்றி வளர்ந்தவன். எல்லாரும் கை தூக்கினார்கள். மாமா தூக்கவில்லை. மறுநாள் போய் வேட்புமனு கொடுத்துவிட்டார். முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவர் மாரி.

"ஏன், மாரியே நிக்கட்டுமே. உங்களுக்கென்ன கேடு?" என்று நான் போனில் கத்தினேன்.

"அவன் நின்னா காலனிக்கே வேலையில்லன்னு சொல்லிப்போடுவாங்க அம்மிணி. நான் நின்னா என்ன பண்ணுவாங்க? பந்திக்குக் கூப்பிட மாட்டாங்க. கூப்பிடாட்டிப் போறாங்க."

கூப்பிடவில்லைதான். அந்த மாதத்தில் மட்டும் பங்காளிகள் வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு எழவு. கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. அதைத் தாங்கிக்கொண்டார். எழவுக்குச் சொல்லாததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஒலிபெருக்கியில் ஒப்பாரி கேட்டுத் தெரிந்துகொண்டு, தோட்டத்து வரப்பில் நின்றபடியே கும்பிட்டாராம்.

ஓட்டுக் கேட்டு அவர் காலனிக்குப் போனார். வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். சிவபிரகாஷும் போனான். அவனிடம் எல்லாரும் "உங்களுக்குத்தானுங்க" என்று கும்பிட்டார்கள். அவன் பண்ணையிலும் மற்றவர்கள் காட்டிலும்தான் அவர்களுக்குப் பிழைப்பு, வேறு எப்படிச் சொல்வார்கள்? மாரி மட்டும் சாயங்காலங்களில் வீடு வீடாகப் போய், "உள்ள போயிக் குத்தறத ஒருத்தனும் பாக்க முடியாது" என்று சொல்லி வந்தார். சின்னான் என்று ஒரு பெரியவர், சிவபிரகாஷ் பண்ணையிலேயே வெகுகாலமாக வேலை செய்கிறவர், அவர்தான் ரொம்பப் பயந்தார். "மேல கேமரா வெச்சிருப்பாங்களாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

தேர்தல் அன்றைக்குக் காலனியில் நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். எழுபத்து நாலு ஓட்டு. மாரி வாசலில் நின்று எண்ணியிருக்கிறார். வெள்ளைச் சீட்டைக் கையில் வாங்கிய சில பொம்பளைகள் அதை மடிக்கத் தெரியாமல் அதிகாரியிடமே கேட்டார்களாம். மாமா அதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். அக்கா இறந்த பிறகு அவர் முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குக் காலையில் எனக்கு அனுப்பிய போட்டோவில்தான்.

அப்புறம் அவர் முறை வந்தது. அட்டைத் தடுப்புக்குள் போனார். சீட்டில் இரண்டே பெயர். ஒன்று அவருடையது. முத்திரையை எடுத்துத் தன் பெயருக்கு நேராகக் கொண்டுபோனார். கை இறங்கவில்லை.

இதை அவர் சொல்ல நான் கேட்டதால் சொல்கிறேன். பயமில்லையாம். சிவபிரகாஷ் மேல் பாசமும் இல்லையாம். கூச்சம். அறுபது வயசு நெருங்குகிறவன் ஒளிந்து நின்று தனக்குத் தானே ஓட்டுக் குத்திக்கொள்வதா என்று உடம்பெல்லாம் கூசியதாம். எப்படியும் தோற்கத்தான் போகிறோம், சீட்டு எல்லார் கைக்கும் வந்துவிட்டது, நினைத்தது நடந்துவிட்டது, மனுசனாக வெளியே போவோம் என்று தோன்றியிருக்கிறது. சிவபிரகாஷ் பெயருக்கு நேராகக் குத்தினார். மடித்துப் போட்டுவிட்டு நிம்மதியாக வெளியே வந்து மாரியோடு டீ குடித்தார்.

எண்ணிக்கை அன்று செல்லாத ஓட்டு ஒன்றுகூட இல்லை. சிவபிரகாஷுக்கு எழுபத்தைந்து. தீனதயாளனுக்கு எழுபத்து நாலு.

காலனியில் இந்தக் கணக்கை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாங்கள் போட்டது எழுபத்து நாலு. தயாளன் ஓட்டைச் சேர்த்தால் எழுபத்தைந்து வர வேண்டும், சிவபிரகாஷுக்கு எழுபத்து நாலு. ஜெயித்திருக்க வேண்டும். அப்படியானால் தங்களுக்குள் யாரோ ஒருத்தர் மாற்றிக் குத்திவிட்டார். யார் அது? பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் சிவபிரகாஷ் பண்ணையாட்களுக்கு வேட்டி கொடுத்தான், வருசா வருசம் கொடுப்பதுதான். சின்னான் அதை வாங்கிக்கொண்டு காலனிக்குள் நுழைந்தார். அவ்வளவுதான், முடிந்தது கதை. சின்னான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணினார், யாரும் நம்பவில்லை. குழாயடியில் அவர் பெண்சாதி குடத்தை வைத்தால் மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். சொந்த மருமகள் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுப் போனாளாம்.

மாமா போகிக்கு முதல் நாள் என் மெஸ்ஸுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. சாப்பிடாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"அட மடச் சாம்பிராணி!" என்று சொல்லிவிட்டேன். மாமா என்றுகூடப் பார்க்கவில்லை. "அத்தன சனம் உசுரக் கையில புடிச்சுக்கிட்டுப் போயி உங்களுக்குக் குத்தியிருக்குது. நீங்க கௌரவம் பாத்தீங்களா? எங்கக்கா இருந்திருந்தா அகப்பையாலயே போட்டிருப்பா!"

"போட்டிருப்பா" என்றார். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "இப்ப என்ன பண்ணட்டும் அம்மிணி?"

"சொல்லாட்டி அந்தச் சின்னான் செத்தே போவாரு. சொன்னா உங்களுக்கு அந்தச் சனமும் இல்ல. ஏற்கெனவே நம்ம சனம் இல்ல. அப்புறம் நீங்களும் குச்சிக்கிழங்கும்தான். எனக்குத் தெரியாது சாமி, நீங்களே முடிவு பண்ணுங்க."

துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வண்டிய எடு" என்றார்.

என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார். காலனிக் கோவில் முன்னால் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். மாரியும் இருந்தார். எங்களைப் பார்த்ததும் நாற்காலி கொண்டு வந்தார்கள். மாமா உட்காரவில்லை. சின்னானைக் கூப்பிடச் சொன்னார். அவர் எட்டியே நின்றார்.

"சின்னான் மேல தப்பில்ல" என்றார் மாமா. "அந்த ஓட்டு என்னுது. நான்தான் சிவபிரகாசுக்குக் குத்திப்போட்டேன்."

சுண்ணாம்பு அடித்த கைகள் நின்றன. மாரிக்கு முதலில் புரியவில்லை. "என்னங்க சொல்றீங்க?" என்றார். மாமா மறுபடியும் சொன்னார். தனக்குத் தானே போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருந்தது என்றார். அந்த இடத்தில் அந்தச் சொல் எத்தனை அற்பமாகக் கேட்டது தெரியுமா? எனக்கே காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

மாரி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

"ஏனுங்க, எங்காளுங்க நடுங்கிக்கிட்டே போயிக் குத்துனாங்க. வேல போயிருமோ, ஊட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்களோன்னு. அவங்களே குத்திப்போட்டாங்க. உங்களுக்குக் கூச்சமுங்களா?"

"தப்புத்தான் மாரி."

"உங்களுக்காகவா போட்டோம்? எங்களுக்குங்க. எங்க ஓட்டு ஜெயிக்குதான்னு பாக்கப் போட்டோம். அது உங்க சொந்த ஓட்டுன்னு நெனச்சுக் குடுத்துட்டீங்களா?"

சின்னான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்களைக் கடந்து வீட்டுக்கு நடந்தார். கொஞ்ச நேரத்தில் பெண்கள் இரண்டு பேர் அவர் வீட்டுப் பக்கம் போனார்கள். அந்த மட்டுக்கும் நல்லது நடந்தது. நாற்காலியை யாரோ எடுத்து உள்ளே வைத்தார்கள். நாங்கள் கிளம்பினோம்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இந்த விசயம் தோட்டத்து வீடுகளுக்குப் போக ஒரு பொழுது ஆகவில்லை. அவர்களுக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டுமே! மாட்டுப் பொங்கல் அன்றைக்கு சிவபிரகாஷ் கார் எடுத்துக்கொண்டு, பழத்தட்டோடு மாமா வீட்டுக்கு வந்துவிட்டான். நானும் அன்று அங்கேதான் இருந்தேன்.

"பெரியப்பா, நீங்க போட்ட ஓட்டுலதான் நான் ஜெயிச்சேன்" என்று காலில் விழுந்தான். "எனக்குத் தெரியுமுங்க. என்ன கோவம் இருந்தாலும் நம்ம ரத்தம் எங்க போவும்? கோயில்ல இந்த வருசம் முதல் மரியாத உங்களுக்குத்தான்னு பேசி முடிச்சாச்சு."

மாமா அவனைத் தூக்கிவிடவும் இல்லை, ஆசீர்வாதம் பண்ணவும் இல்லை. தட்டை நான்தான் எடுத்துத் திண்ணைக்கு வெளியே வைத்தேன். வைத்த சத்தத்தில் ஆப்பிள் ஒன்று உருண்டுபோயிற்று. சிவபிரகாஷ் என்னை முறைத்தான். முறைக்கட்டுமே, எனக்கென்ன.

கல்யாணப் பத்திரிகைகள் மறுபடியும் வர ஆரம்பித்தன. மாமா எதற்கும் போகவில்லை, கோவில் மரியாதையை வாங்கவும் போகவில்லை. எழவுக்கு மட்டும் போய், ஓரமாக நின்றுவிட்டு வருவார். போகவில்லை என்று அவரை யாரும் வம்புக்கு இழுப்பதும் இல்லை. வழியில் பார்த்தால் "பெரிய மனுசன், விட்டுக் குடுத்தவரு" என்று புகழ்வார்களாம். அந்தப் புகழ்ச்சியைக் கேட்க வேண்டாம் என்று காட்டுக்குள் சுற்றிப் போய் பஸ் ஏறுகிறார். காலனிப் பக்கமும் போவதில்லை. மாரி எதிரே வந்தால் நின்று, "நல்லாருக்கறீங்களா" என்று கேட்பார். மரியாதைக்குக் குறைவில்லை. மகள் பெங்களூருக்கு வந்துவிடச் சொன்னாள். "இங்க ஓட்டு இருக்குது" என்று சொல்லிவிட்டார். அவள் என்னிடம் போன் செய்து, "அப்பாவுக்கு மூளை குழம்பிடுச்சா சித்தி?" என்று அழுதாள். குழம்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார் என்று சொல்ல நினைத்து, சொல்லவில்லை.

சிவபிரகாஷின் பதவிக்காலம் முடிந்து நாளாகிவிட்டது. அடுத்த தேர்தலை இன்றைக்கு அறிவிப்பார்கள் நாளைக்கு அறிவிப்பார்கள் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை மாமா சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

"மாரி நிக்கறானாம்" என்றார்.

"அப்பிடிங்களா? உங்ககிட்டச் சொன்னாருங்களா?"

"பஸ்ல பேசிக்கிட்டாங்க. நானே அவன் ஊட்டுக்குப் போனேன்."

இத்தனை வருசத்துக்குப் பிறகு காலனிக்குள் போயிருக்கிறார். நான் கை வேலையை விட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தேன். மாரி வாசலிலேயே இருந்தாராம். உள்ளே கூப்பிட்டாராம். இவர் போகவில்லை. நின்றபடியே, "மாரி, இந்தத் தடவ என் ஓட்டு உனக்குத்தான்" என்று சொல்லியிருக்கிறார்.

"அவுரு என்ன சொன்னாருங்க?"

மாமா தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"சந்தோசமுங்கன்னான். கோவமெல்லாம் இல்ல அம்மிணி, நல்லாத்தான் பேசுனான். காலனியில புதுசா ஓட்டு வந்த புள்ளைங்க இருக்குதாம், நம்ம பக்கம் நாலஞ்சு பொம்பளைங்ககூடப் போடறேன்னு சொல்லியிருக்கறாங்களாம். ஜெயிச்சுருவோமுங்கன்னான்." டம்ளரைத் தள்ளி வைத்தார். "உங்க ஓட்ட உட்டுப்போட்டுத்தானுங்க நாங்க கணக்குப் பாத்து வெச்சிருக்கறோம், நீங்க ஒண்ணும் சிரமப்படாதீங்கன்னான்."

பக்கத்து மேஜையில் ஒரு பையன் ரசம் கேட்டான். நான் எழுந்திருக்கவில்லை.

"அவன் சொல்றது சரிதான அம்மிணி? அப்பிடித்தான கணக்குப் பாக்கோணும்?"

"சரிதானுங்க மாமா" என்றேன். வேறு என்ன சொல்ல?